நமக்கு முன்னே வந்தவர்கள்: கொல்கத்தா ஆர்மீனியர்

சென்னையில் பாரிமுனைக்கு அருகே அரண்மனைக்காரன் தெரு என்று ஒரு தெரு உண்டு. சிறுவயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தபோது, "அரண்மனை எங்கேப்பா இருக்கு?" என்று கேட்டேன். அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இருந்திருக்கும், இடிச்சிருப்பாங்க" என்றார். அரண்மனையால் வந்த பெயரே அல்ல அது. 'ஆர்மீனியன்' என்ற சொல் நம்மவர் வாயில் புழங்கிப் புழங்கி 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்கு வந்து, படாபஜாரில் இன்னொரு ஆர்மீனியன் தெருவைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயம் எனக்கு விளங்கியது.

நம் சங்க அன்பர்களில் பலர் படாபஜாருக்கு மளிகைச் சாமான், பாத்திரம், துணி வாங்கப் போயிருப்பீர்கள். கைவண்டிகளும் மூட்டை தூக்குவோரும் இடித்துக்கொண்டு போகும் அந்தச் சந்தடியில், கடைகளுக்கு நடுவே ஒரு வாசல் இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போனால் திடீரென்று அமைதி. வெள்ளை நிறத்தில் ஒரு தேவாலயம், அதன் மேல் மணிக்கூண்டு, சுற்றிலும் தரை முழுவதும் கல்லறைக் கற்கள். கற்களின் மேல் நடந்துதான் கோயிலுக்குள் போகவேண்டும். ஒவ்வொரு கல்லிலும் நமக்குப் புரியாத எழுத்து. கொல்கத்தாவில் இன்று நிற்கும் கிறிஸ்தவ தேவாலயங்களில் இதுவே மிகப் பழையது.

பிறந்த மண்ணை விட்டு வந்து, பிறர் நடுவே வாழ்ந்து, தம் மொழியையும் வழிபாட்டையும் காப்பாற்றப் பாடுபட்டவர்கள் ஆர்மீனியர்கள். இந்த ஊரில் அவர்கள் நமக்கெல்லாம் மூத்தவர்கள். அவர்கள் எதைச் செய்தார்கள், அதில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று தெரிந்துகொள்வது நமக்கு மிகவும் தேவை என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

வணிகராய் வந்தவர்கள்

ஆர்மீனியா, கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாடு. பாரசீகப் பேரரசும் துருக்கிப் பேரரசும் மோதிக்கொண்ட காலத்தில் நடுவில் அகப்பட்டு நசுங்கிய நாடு. 1604, 1605 ஆண்டுகளில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஆராஸ் நதிக்கரையில் இருந்த ஜூல்ஃபா என்ற ஆர்மீனிய நகரத்து மக்களைக் கூண்டோடு பெயர்த்து, தம் தலைநகரான இஸ்ஃபஹானுக்குக் கொண்டுபோனார். ஆற்றைக் கடக்கையிலேயே பலர் மாண்டனர். பிழைத்தவர்கள் இஸ்ஃபஹானுக்கு அருகே ஒரு குடியிருப்பை அமைத்து, இழந்த ஊரின் நினைவாக அதற்குப் புதிய ஜூல்ஃபா என்றே பெயர் வைத்தனர். நம் நாட்டுக்கு வந்த ஆர்மீனியரில் பெரும்பாலோர் இந்தப் புதிய ஜூல்ஃபாவிலிருந்து பட்டு, இரத்தினம், மஸ்லின் வாணிகத்துக்காக வந்தவர்களே.

வங்காளத்தில் அவர்களுக்கு முகலாயர் காலத்திலேயே செல்வாக்கு இருந்தது. முர்ஷிதாபாத்தை அடுத்த சைதாபாத்தில் குடியேற 1665-ல் ஔரங்கசீப் அவர்களுக்கு அனுமதி வழங்கினார். பாரசீக மொழி அறிந்தவர்கள், தர்பார் மரியாதை தெரிந்தவர்கள் என்பதால் ஆங்கிலேயருக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். 1688 ஜூன் 22 அன்று லண்டனில் கோஜா பனூஸ் கலந்தார் என்ற ஆர்மீனிய வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். கம்பெனியின் ஊர் ஒன்றில் நாற்பது ஆர்மீனியர் சேர்ந்துவிட்டால், அவர்களுக்குக் கோயில் கட்ட நிலம் கொடுக்கவேண்டும். குருவானவருக்கு ஏழு ஆண்டுகள் வருடத்துக்கு ஐம்பது பவுன் சம்பளமும் கொடுக்கவேண்டும் என்பது அந்த ஏற்பாடு. வியாபாரம் பேசப் போன இடத்திலும் கோயிலைப் பற்றிப் பேசி எழுதி வாங்கியிருக்கிறார் பாருங்கள்!

அவருடைய மருமகன் முறையான கோஜா இஸ்ரேல் சர்ஹாத் இன்னும் பெரிய காரியம் செய்தார். 1698-ல் சுதானுட்டி, கோவிந்தபூர், கலிகாதா ஆகிய மூன்று கிராமங்களின் ஜமீன் உரிமையை ஆங்கிலேயர் 1,300 ரூபாய்க்குப் பெற்றார்கள். அந்த மூன்று கிராமங்கள்தாம் பின்னால் கல்கத்தா ஆயின. அதற்கு முகலாய இளவரசர் அஸீம்-உஸ்-ஷானிடம் பேசி அனுமதி வாங்கித் தந்ததில் சர்ஹாத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக, இந்த நகரம் பிறந்தபோது தொட்டில் ஆட்டியவர்களில் ஆர்மீனியரும் ஒருவர் என்றால் மிகையாகாது.

கோயிலும் ஒரு கல்லறையும்

ஹூக்ளி நதிக்கரையில் சின்சுராவில் 1695-ல் தொடங்கி 1697-ல் முடித்த புனித யோவான் கோயிலே வங்காளத்தில் ஆர்மீனியர் கட்டிய பழைய கோயில்களில் முதன்மையானது. ஆண்டுதோறும் ஜனவரியில் யோவான் திருநாளுக்குக் கொல்கத்தா ஆர்மீனியர்கள் அங்கே சென்று வழிபட்டு, சேர்ந்து உண்டு திரும்புவது வழக்கம்.

படாபஜார் கோயிலுக்கு நாசரேத் புனிதக் கோயில் என்று பெயர். முதலில் மரத்தால் ஆன ஒரு சிறு கோயில் இருந்தது. அதற்குப் பதிலாக 1724-ல், தங்கள் இடுகாடாக இருந்த இடத்தில், ஆகா நாசர் என்பவர் முன்னின்று இப்போதுள்ள கோயிலைக் கட்டுவித்தார். மணிக்கூண்டு 1734-ல் சேர்ந்தது.

அந்த முற்றத்தில் ரேசாபீபி என்ற பெண்மணியின் கல்லறை இருக்கிறது. 'தர்மவானான சூக்கியாஸின் மனைவி' என்று அதில் குறிப்பு. அதன் தேதி 1630 ஜூலை 11 என்று படித்துச் சொன்னவர் மெஸ்ரோவ்ப் ஜேக்கப் சேத். இவர் இந்திய ஆர்மீனியரின் வரலாற்றை 1937-ல் பெரிய நூலாக எழுதியவர். அந்தத் தேதி சரியென்றால், ஜாப் சார்னாக் 1690-ல் இங்கே வந்து இறங்குவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இவ்விடத்தில் ஆர்மீனியர் இருந்தார்கள் என்றாகும். சில ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தேதியை ஏற்பதில்லை. ஆனால் சார்னாக்கை இந்நகரை நிறுவியவர் என்று சொல்லக்கூடாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றமே 2003-ல் கூறிவிட்டது. எப்படியிருந்தாலும், ஊருக்கே தெரியாத ஒரு பெண்ணின் பெயர், தன் மொழியில், தன் எழுத்தில், இத்தனை நூற்றாண்டு கடந்து நிற்கிறது என்பது சாதாரண விஷயமா?

ஜனவரி 6: இன்னொரு கிறிஸ்துமஸ்

ஆர்மீனியர்களின் சமய வரலாறு தனித்தன்மை கொண்டது. புனித கிரெகொரியின் போதனையால் ஆர்மீனிய மன்னர் திரிதாத் கிறிஸ்தவம் தழுவி, அதையே நாட்டின் சமயமாக அறிவித்தார். இது நடந்தது கி.பி. 301-ல் என்பது அவர்கள் மரபு. உலகில் கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்ற முதல் நாடு தங்களுடையதுதான் என்பதில் அவர்களுக்கு மிகுந்த பெருமை. அவர்கள் ரோமாபுரிப் போப்பாண்டவருக்கும் உட்பட்டவர்கள் அல்லர். கிரேக்க, ரஷ்யத் திருச்சபைகளோடும் சேர்ந்தவர்கள் அல்லர். ஆர்மீனியாவில் உள்ள எச்மியாத்சின் என்ற தலத்தில் வீற்றிருக்கும் கத்தோலிக்கோஸ்தான் அவர்களுக்குத் தலைமை குரு. கொள்கையில், கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.

டிசம்பர் 25 அன்று பார்க் ஸ்ட்ரீட்டே விளக்கொளியில் மிதக்கும். ஆர்மீனியர்களுக்கு அன்று கிறிஸ்துமஸ் இல்லை. விளக்கெல்லாம் அணைந்து, ஊர் அடங்கிய பிறகு, ஜனவரி 6-ல்தான் அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். ஆதி காலத்தில் கிழக்கு நாட்டுக் கிறிஸ்தவர்கள் பலரும் இயேசுவின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்து அந்த நாளிலேயே கொண்டாடினார்கள். பிறகு மற்றவர்கள் பிறப்பை டிசம்பருக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆர்மீனியர்கள் மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. அன்று வழிபாட்டின் முடிவில் சிலுவையைத் தண்ணீரில் அமிழ்த்தி மந்திரித்து, அந்தத் தீர்த்தத்தை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

ஆகஸ்டு மாதத்தில் மாதாவின் திருநாளன்று திராட்சைக் குலைகளைக் கோயிலில் வைத்து ஆசீர்வதித்துப் பகிர்ந்து கொள்வார்கள். அதற்கு முன் புதுத் திராட்சையை வாயில் வைக்காத வழக்கம் பழைய குடும்பங்களில் உண்டு. புத்தரிசியைச் சூரியனுக்குப் படைத்துவிட்டு உண்ணும் நமக்கு இது எளிதில் புரியும். நேர்த்திக்கடனாக ஆட்டிறைச்சியை ஆசீர்வதித்த உப்பிட்டுச் சமைத்து, வந்தவர்க்கும் ஏழைகளுக்கும் வழங்கும் 'மதாக்' என்ற வழக்கமும் உண்டு. நம் ஊர்க் கோயில் கிடாவெட்டையும் அன்னதானத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நகரத்தில் அவர்கள் கைவண்ணம்

ஆர்மீனியர்கள் சம்பாதித்ததை இங்கேயே கட்டிடமாக்கினார்கள். கங்கைக்கரையில் அவர்கள் 1734-ல் கட்டிய படித்துறை இன்றும் ஆர்மீனியன் காட் என்றே பெயர் பெற்றிருக்கிறது. 1873 பிப்ரவரி 24 அன்று இந்நகரின் முதல் டிராம், குதிரை இழுக்க, சியால்டாவிலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்ததும் அந்தக் கரைக்குத்தான். சௌரங்கியில் கிராண்ட் ஹோட்டலை எழுப்பியவர் அராத்தூன் ஸ்டீபன். பார்க் ஸ்ட்ரீட்டில் பார்க் மான்ஷன்ஸைக் கட்டியவர் தாதேயுஸ். எதிரே குவீன்ஸ் மான்ஷனைக் கட்டியவர் குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன ஜே.சி. கால்ஸ்டன், அதன் முதல் பெயரே கால்ஸ்டன் மான்ஷன்ஸ்தான். மத்திய அரசு அலுவலகங்கள் உள்ள நிஜாம் பேலஸுக்கு நம்மவர் எத்தனையோ பேர் வேலையாகப் போய் வந்திருப்பார்கள். அதுவும் கால்ஸ்டன் கட்டிய மாளிகைதான். பின்னால் ஹைதராபாத் நிஜாம் கைக்குப் போனதால் அந்தப் பெயர் வந்தது.

இங்கே பிறந்து லா மார்ட்டினியர் பள்ளியில் படித்த காட்சிக் பால் சாட்டர், 1864-ல் ஹாங்காங் போய்ப் பெருஞ்செல்வர் ஆனார். அவர் 1926-ல் காலமானபோது, பண நெருக்கடியில் இருந்த தாம் படித்த பள்ளிக்குப் பதினோரு லட்ச ரூபாய் கிடைத்தது. பார்க் சர்க்கஸில் உள்ள முதியோர் இல்லம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சங்கீத ரசிகர்களுக்கு ஒரு செய்தி. 1902-ல் இதே கல்கத்தாவில் நம் நாட்டின் முதல் இசைத்தட்டுகளில் பாடிப் புகழ்பெற்ற கௌஹர் ஜானின் தந்தை ஆர்மீனிய வம்சத்தவர். அந்த அம்மையார் 1930-ல் காலமானது நம் பக்கத்து மைசூரில். சமையலறைக்கும் ஒரு செய்தி உண்டு. வங்காளிகள் பொட்டோலைக் குடைந்து உள்ளே மசாலா வைத்துச் செய்யும் 'தொர்மா', ஆர்மீனியர் திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டும் 'டோல்மா'விலிருந்து வந்தது என்பார்கள். நாம் இங்கே வந்த பிறகு கடுகெண்ணெய்க்குப் பழகிக்கொண்டோம்; அவர்களுக்குப் பிறகு வங்காளிகள் தொர்மாவுக்குப் பழகிக்கொண்டார்கள்!

எழுத்தே நாடு

இவ்வளவையும் விட என் மனதைத் தொட்டது வேறு. கி.பி. 405-ஆம் ஆண்டு அளவில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்ற துறவி ஆர்மீனிய மொழிக்கென்று 36 எழுத்துகளை வகுத்துக் கொடுத்தார். அவரை அவர்கள் புனிதராகவே வணங்குகிறார்கள். எழுத்தைத் தந்தவரைக் கோயிலில் வைத்துப் போற்றும் இனம் அது. நாடு பிறர் கைக்குப் போனபின் அந்த எழுத்துதான் அவர்களுக்கு நாடாக இருந்தது.

நம் சென்னைக்கு இதில் பெரிய பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஷாஹமீர் ஷாஹமீரியான் என்ற வணிகர் 1772-ல் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் ஒன்றை அமைத்தார். ஆர்மீனியா என்று ஒரு சுதந்திர நாடே உலகப் படத்தில் இல்லாத அந்தக் காலத்தில், வருங்கால ஆர்மீனியக் குடியரசு எப்படி ஆளப்படவேண்டும் என்று 521 பிரிவுகள் கொண்ட ஒரு சட்டத்தை எழுதி, சென்னையில் அச்சிட்டார்கள். அதே காலத்தில் கல்கத்தாவில் வளர்ந்த ஜோசப் எமின் என்பவர், கப்பலில் கூலி வேலை செய்து லண்டன் போய், எட்மண்ட் பர்க் போன்றோரின் நட்பைப் பெற்று, தாய்நாட்டை விடுவிக்கவேண்டும் என்று பல தேசம் அலைந்தார். கடைசியில் 1809-ல் இங்கேயே கண்மூடினார். அவர் உறங்குவது படாபஜார் கோயில் முற்றத்தில்தான்.

1794 அக்டோபரில் ஹாருத்யூன் ஷ்மவோனியான் என்ற குருவானவர் சென்னையிலிருந்து 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அதுதான்! தாய்நாட்டில் அல்ல, இஸ்தான்புல்லில் அல்ல, நம் சென்னையில். பதினெட்டு இதழ்கள் வந்து, 1796-ல் நின்றது. ஷ்மவோனியானின் கல்லறை சென்னை ஆர்மீனியர் கோயில் வளாகத்தில் இருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து, 1845-ல், கல்கத்தாவில் எழுத்தாளர் மெஸ்ரோப் தாகியாதியான் 'அஸ்கசேர்' என்ற இதழை நடத்தினார். இனப்பற்றாளன் என்பது அதன் பொருள். பெண்குழந்தைகளும் படிக்க அவர் இங்கே பள்ளி தொடங்கினார். பிழைக்க வந்த ஊரில் தாய்மொழி இதழ் நடத்துவதன் சுகமும் சுமையும் என்னவென்று, நம் சங்க இதழை மாதாமாதம் தள்ளிக்கொண்டு போகும் அன்பர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

1821 ஏப்ரல் 2 அன்று முரத்கானியான், வர்தானியான் என்ற இருவரின் கொடையால் ஆர்மீனியன் காலேஜ் தொடங்கியது. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் அது பள்ளிக்கூடம்தான். 1884-ல் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டுக்கு, அதாவது இன்றைய மிர்சா காலிப் தெருவுக்கு, இடம் மாறியது. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1811-ல் பிறந்தது அந்த இடத்தில்தான். ரக்பி ஆட்டத்தில் இந்தப் பள்ளிப் பையன்களுக்கு மைதானத்தில் தனிப் பெயர் உண்டு.

வேறொரு சின்னஞ்சிறு இனம்

அகதிகளாய்ப் போன இடத்தில் மொழியைக் காத்தவர்கள் ஆர்மீனியர் மட்டும் அல்லர். வடக்கே பால்டிக் கடற்கரையில் லாட்வியா என்ற சிறுநாடு இருக்கிறது. 1944-ல் சோவியத் படை மீண்டும் நுழைந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான லாட்வியர்கள் தப்பி ஓடினார்கள். ஜெர்மனியில் அகதி முகாம்களில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று சிதறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் லூத்தரன் சபையினர். போன இடமெல்லாம் சபை கூடினார்கள். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பள்ளி நடத்தினார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய பாட்டுத் திருவிழா கூட்டினார்கள். ஜூன் 23 இரவில் தீ மூட்டி, ஓக் இலைக் கிரீடம் சூடிப் பாடும் பழைய வழக்கத்தையும் விடவில்லை.

அவர்களுடைய செல்வம் 'தாய்னா' எனப்படும் நாட்டுப்பாடல்கள். பெரும்பாலும் நாலே அடி. கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் என்பவர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்களைத் தொகுத்து 1894 முதல் 1915 வரை பதிப்பித்தார். ஏழு வயதில் பெற்றோருடன் அகதியாய் ஓடிய ஒரு சிறுமி, ஜெர்மன் முகாமிலும் மொராக்கோவிலும் கனடாவிலும் வளர்ந்து, மாண்ட்ரியலில் பேராசிரியை ஆகி, அந்தத் தாய்னாக்களையே ஆராய்ந்தார். வைரா வீகே-ஃப்ரெய்பெர்கா என்ற அந்த அம்மையார், நாடு விடுதலை பெற்றபின் ஊர் திரும்பி, 1999 முதல் 2007 வரை லாட்வியாவின் ஜனாதிபதியாக இருந்தார். வீட்டில் தாய்மொழி பேசாமல் விட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

லாட்வியாவும் ஆர்மீனியாவும் சோவியத் பிடியிலிருந்து விடுபட்டது ஒரே ஆண்டில், 1991-ல். ஆர்மீனியர் வழியில் அதற்கு முன் இன்னும் பெரிய இடி விழுந்தது. 1915-ல் தொடங்கி துருக்கி ஆட்சியில் பத்து லட்சம் ஆர்மீனியர்களுக்குக் குறையாமல் கொல்லப்பட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர் பலர் கணக்கிடுகிறார்கள். ஏப்ரல் 24-ஐ உலகெங்கும் உள்ள ஆர்மீனியர்கள் நினைவு நாளாக அனுசரிக்கிறார்கள்.

இன்று எஞ்சியது என்ன?

இவ்வளவு செய்தவர்களின் இன்றைய நிலை என்ன? சுதந்திரத்துக்குப் பின் கல்கத்தா ஆர்மீனியர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போனார்கள். கலப்புத் திருமணங்களால் சிலர் வேறு சமூகங்களோடு கலந்தார்கள். இன்று இந்த மாநகரில் அவர்கள் ஓரிரு நூறு பேருக்கு மேல் இல்லை.

சென்னையில் அதுவும் இல்லை. 1772-ல் கட்டிய கோயில் இருக்கிறது. ஆறு பெரிய மணிகள் இருக்கின்றன. முற்றத்தில் வேப்பமரத்துக்கும் செம்பருத்திச் செடிக்கும் இடையே முந்நூறுக்கு மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. வழிபடக் கூட்டம் இல்லை. அந்தக் கோயிலைப் பராமரிக்கும் செலவை ஏற்பது கொல்கத்தாவில் உள்ள ஆர்மீனியர் சபைதான். அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் 1726-ல் மர்மலாங் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. 1751-ல் சென்னையில் காலமானபோது, உடல் இங்கே அடக்கமாயிற்று. இதயத்தை மட்டும் தாம் பிறந்த ஜூல்ஃபாவுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டுப் போனார். பழைய பாலம் போய், இன்று மறைமலையடிகள் பாலம் வந்துவிட்டது. பாலத்தருகே ஆர்மீனிய, பாரசீக, லத்தீன் மொழிகளில் பொறித்த கல் நிற்கிறது. பஸ்ஸில் கடந்து போகும் ஆயிரக்கணக்கானோரில் அதைப் படிக்க ஒருவர் உண்டா?

அன்பர்களே, எனக்கு இதில்தான் நெஞ்சு கனத்தது. கல் நிற்கிறது, எழுத்தும் நிற்கிறது. படிக்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் கோலம்தான்.

ஆனால் கொல்கத்தாவில் கதை அப்படி முடியவில்லை. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தபோது, இங்குள்ள ஆர்மீனியர்கள் பள்ளியை மூடிவிட்டுக் கட்டிடத்தை வாடகைக்கு விட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. முன்னோர் விட்டுப்போன அறக்கட்டளைப் பணத்தைக் கொண்டு ஆர்மீனியா, ஈரான், ஈராக் நாடுகளிலிருந்து ஆர்மீனியக் குழந்தைகளை வரவழைத்து, சாப்பாடும் தங்கும் இடமும் கொடுத்து, இலவசமாகப் படிக்க வைக்கிறார்கள். தாய்மொழி, திருச்சபை, வரலாறு எல்லாம் அங்கே பாடம். ஜனவரி 6-ல் படாபஜார் கோயிலில் பழைய ஆர்மீனிய மொழியில் வழிபாடு நடக்கையில் பதில் சொல்லும் குரல்களில் இந்தப் பிள்ளைகளின் குரல்களும் உண்டு. எத்தனை பேர் என்பது பெரிதல்ல. அந்த முற்றத்துக் கல்லைப் படிக்கத் தெரிந்த கண் இன்னும் இந்த ஊரில் இருக்கிறது.

நம் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். நாமும் வேலைக்கென்று வந்தோம். லேக் மார்க்கெட் பக்கம் கூடி வாழ்ந்தோம். கறிவேப்பிலை, காப்பித்தூள், மல்லிகைச்சரம் எல்லாம் கிடைக்க வழி செய்துகொண்டோம். பள்ளி, சபா, சங்கம், கோயில் எல்லாம் கண்டோம். நம் பிள்ளைகளும் பெங்களூர், அமெரிக்கா என்று கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். நாமே அப்படி வந்தவர்கள்தானே!

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், யாரையும் குறை சொல்ல அல்ல. என் பேத்தி தமிழ் நன்றாகப் பேசுவாள். வங்காளியில் கதைப்புத்தகம் படிப்பாள், இந்தியும் படிப்பாள். சென்ற பொங்கலுக்கு ஊரிலிருந்து என் அக்கா எழுதிய கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றாள். படாபஜார் முற்றத்தில் அந்தக் கற்களின் முன் நான் எப்படி நின்றேனோ, அப்படித்தான் அவள் என் அக்காவின் கடிதத்தின் முன் நின்றாள். தவறு அவளுடையது அல்ல. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காத என்னுடையது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் சிலேட்டோடு உட்காருகிறோம். இப்போது 'ங' வரிசையில் அவளுக்குக் கோபம், எனக்குச் சிரிப்பு. அக்காவுக்கு அவளே பதில் எழுதவேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளோடு படாபஜார் ஆர்மீனியர் கோயிலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். காலணியின் கீழ் கிடக்கும் அந்தக் கற்களைக் காட்டி, இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, இந்த இதழை அவர்கள் கையில் கொடுத்து, ஒரு பக்கமாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை.